மூன்றாவது மேசை

பேய்க் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் நடுராத்திரியில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே நல்ல வெயில். நான் குடிக்கிறவன் இல்லை. அன்றைக்குக் காய்ச்சல், தூக்கக் கலக்கம் என்று எதுவும் கிடையாது. வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், யாரிடம் சொன்னாலும் முதலில் இதைத்தான் விசாரிக்கிறார்கள். என் மனைவியும் அப்படித்தான். "உங்களுக்கெல்லாம் பேய் பிடிக்காது, வைரஸ்தான் பிடிக்கும்" என்று சிரித்தாள். முழுக்கதையையும் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்று ராத்திரி ஹால் விளக்கை அணைக்க விடவில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் தொழில். சின்னச் சின்ன அலுவலகங்கள் கூப்பிடும். அதில் ஒன்று, தனியார் ஆம்புலன்ஸ் அலுவலகம். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. முன்னறையில் இரண்டு மேசை, இரண்டு ஃபோன், சுவரில் ஒரு பெரிய திரை, மூலையில் எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்கிற சர்வர். உதவி கேட்டு யாராவது ஃபோன் செய்தால் எடுக்கிற பெண், முகவரியைக் கம்ப்யூட்டரில் அடிப்பாள். அது சுவர்த் திரையில் ஏறும். 'அனுப்பு' என்பதை அழுத்தினால் கீழே வண்டியில் இருக்கும் டிரைவரின் கைபேசிக்குப் போய்ச் சேரும். அவ்வளவுதான் அங்கே வேலை. ஆனால் அது ஐந்து நிமிடம் நின்றாலும் யாருக்காவது உயிர் போகலாம்.

அன்று எனக்கு ஃபோன் செய்தது அங்கே வேலை பார்க்கும் சிட்டு. சின்னப் பெண். துறுதுறுவென்று இருப்பதால் எல்லோரும் வைத்த பெயர் அது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும்.

"அண்ணா, கணக்குக்குள்ள போகவே முடியல. பூட்டியிருக்குன்னு வருது. ஃபோன் வேற அடிச்சிட்டே இருக்கு. துண்டுச் சீட்டுல எழுதி, டிரைவர் அண்ணனுக்கு ஜன்னல் வழியா கத்திட்டு இருக்கேன்."

"பயப்படாத. இதோ வர்றேன்."

உண்மையில் இது ஒன்றுமில்லாத வேலை. ஒரு கணக்கில் தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தால், திருடன் எவனோ முயற்சி செய்கிறான் என்று நினைத்து சர்வர் அந்தக் கணக்கைப் பூட்டிவிடும். பூட்டை எடுத்துவிட்டால் தீர்ந்தது. நான் போனதும் சர்வர் முன்னால் உட்கார்ந்து பூட்டை எடுத்தேன்.

"இப்ப அடி."

சிட்டு விசைப்பலகையில் கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"மறுபடி பூட்டிடுச்சுண்ணா."

"தப்பா அடிச்சிருப்ப."

"நான் இன்னும் அடிக்கவே இல்ல."

மறுபடி திறந்தேன். மறுபடி பூட்டிக்கொண்டது. மூன்றாவது தடவையும் அதேதான். இதுவும் நான் பார்க்காத விஷயமில்லை. வேறு எங்காவது ஒரு பழைய மெஷின், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அது எந்த மெஷின் என்று சர்வரே காட்டிக் கொடுத்துவிடும். பார்த்தேன்.

மேசை-3.

"மூணாவது மேசை எங்க இருக்கு?"

சிட்டு பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள். "உள் ரூம்ல. ஆனா அதை யாரும் தொடறதில்ல. அது அக்காவோடது."

"எந்த அக்கா?"

"எனக்கு முன்னாடி இங்க ஃபோன் எடுத்தவங்க. இந்தக் கணக்கும் அவங்களோடதுதான். புதுசா போட்டுத் தர்றேன்னு மேனேஜர் சொல்லிட்டே இருக்கார்."

"அவங்க இப்ப...?"

"இல்லண்ணா. போன வருஷமே..."

ஃபோன் அடித்தது. அவள் எடுக்கப் போய்விட்டாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த 'இல்லண்ணா' எனக்குப் போதுமானதாக இருந்தது.

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியில் கை வைத்தபோது உள்ளே ஒரு சத்தம்.

டக்... டக்... டக்டக்.

எலி என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன். சத்தம் நின்றது.

சின்ன அறை. ஒரு ஜன்னல். வெயில் தரை வரைக்கும் விழுந்திருந்தது. மூலையில் மேசை. அதன் மேல் கம்ப்யூட்டர், விசைப்பலகை, காதில் மாட்டிப் பேசும் ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையால் மூடியிருந்தார்கள். உறை மேல் தூசி படிந்திருந்தது. விரல் தடம் ஒன்றுகூட இல்லை.

உறையைக் கொஞ்சம் விலக்கிப் பின்னால் பார்த்தேன். மின்சார வயர் இல்லை. நெட் வயர் இல்லை. பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது. பக்கத்து மூடியைக் கழற்றினேன்.

உள்ளே எதுவும் இல்லை. எல்லா பாகத்தையும் யாரோ எப்போதோ கழற்றி எடுத்துவிட்டார்கள். வெறும் தகரக்கூடு. அடியில் ஒரு செத்த பல்லி.

இந்தப் பெட்டி யாருடைய கதவையும் தட்ட முடியாது.

எனக்கு அப்போது பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எந்த மெஷினுக்கோ இந்தப் பெயரை வைத்துத் தொலைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உறையை மூடிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு சர்வருக்குத் திரும்பினேன். பாஸ்வேர்டையே மாற்றிவிடலாம். பழையதை வைத்துத் தட்டுகிறவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தட்டட்டும், பூட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளலாம்.

புதிய பாஸ்வேர்டை அந்த நிமிடம் மனதுக்குள்தான் உருவாக்கினேன். எழுத்தும் எண்ணும் கலந்து, அர்த்தமே இல்லாத ஒன்று. வாய்விட்டுச் சொல்லவில்லை. சர்வரில் அடித்ததைத் தவிர எங்கேயும் எழுதவில்லை. சிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

மாற்றிவிட்டு நிமிர்ந்தேன். சர்வரில் ஒரு புதிய வரி வந்திருந்தது.

கணக்கு திறக்கப்பட்டது. மேசை-3.

என் தலைக்குள் மட்டும் இருந்த பாஸ்வேர்ட்... அதை யாரோ முதல் தடவையிலேயே சரியாக அடித்திருக்கிறார்கள்.

"சிட்டு," என்றேன். "நீ கணக்குக்குள்ள போயிட்டியா?"

"இல்லண்ணா. இந்தக் கணக்கு வேற மேசையில திறந்திருக்குன்னு வருது."

அப்போது கேட்டது.

டக். டக். டக். டக்.

இந்தத் தடவை நிற்கவில்லை. பழகிய கை. நிதானமான வேகம். உள் அறையிலிருந்துதான்.

"அண்ணா... மேல பாருங்க."

சுவர்த் திரையில் எழுத்துகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு எழுத்து. ஒரு தெருப் பெயர். வீட்டு எண். அதற்குக் கீழே, நோயாளி பற்றிய குறிப்பு.

'பெண். மாடிப்படியில் விழுந்துவிட்டார். மூச்சு இருக்கிறது.'

"யாரு ஃபோன் பண்ணா?" என்றேன்.

"யாருமே பண்ணல."

சிட்டு அழ ஆரம்பித்திருந்தாள். சத்தமில்லாமல்.

நான் எழுந்து போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஓட வேண்டியவன், அந்தக் கதவைத் திறந்தேன்.

வெயில் அப்படியே விழுந்திருந்தது. நாற்காலி காலி. மேசை மேல் அதே உறை.

உறைக்கு அடியில் விசைகள் அசைந்துகொண்டிருந்தன.

பிளாஸ்டிக் அங்கங்கே அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது. எழுந்தது. தூசி துள்ளித் துள்ளி வெயிலில் பறந்தது.

கடைசியாக ஒரு பெரிய 'டக்'.

கீழே சைரன் அலறியது. வண்டி கிளம்பிவிட்டது. டிரைவருக்கு உத்தரவு போய்விட்டது.

அறை அமைதியானது.

பிறகு... உறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

அந்த ஹெட்ஃபோனிலிருந்து. வயர் அறுந்து தொங்கும் ஹெட்ஃபோன்.

பெண் குரல். பதற்றமே இல்லாத குரல்.

"வண்டி கிளம்பிடுச்சும்மா. நீங்க மெதுவா இறங்கி வந்து கதவை மட்டும் திறந்து வைங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"நான் லைன்லதான் இருக்கேன்."

நாற்காலி கிரீச்சென்றது.

என் பக்கமாகத் திரும்பியது.

நான் எப்படிப் படியிறங்கினேன் என்று நினைவில்லை. சிட்டுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். டயர் கடை வாசலில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை பூட்டியிருந்தது. தெருவில் ஒருவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயிலும் தெருவும் எப்போதும்போல் இருந்தன. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சிட்டுவின் கைபேசி அடித்தது. டிரைவர் அண்ணன். வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறவர். எதையும் பார்த்துப் பழகினவர். ஆனால் குரல் உடைந்திருந்தது. சிட்டு கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"தம்பி, இந்த அட்ரஸ் யாரு குடுத்தது?"

"ஏன்ண்ணே, என்னாச்சு?"

"வாசல்ல வண்டியை நிறுத்துறேன். மாடியில காலடிச் சத்தம் கேக்குது. கதவைத் தட்டினேன். 'இதோ வர்றேன்'னு குரல் வந்துச்சு. அப்புறம்தான் தடதடன்னு... நான் வந்து நின்னதுக்கு அப்புறம்தான் விழுந்துச்சு, தம்பி. கதவை உடைச்சு உள்ள போனா... நம்ம அக்கா."

"எந்த அக்கா?"

"என்னப்பா, ஆஃபீஸ்ல சிட்டுக்கு முன்னாடி ஃபோன் எடுத்துட்டு இருந்தாங்களே, அவங்கதான். போன மாசம்தான் இந்த வீட்டுக்குக் குடி வந்தாங்களாம். மூச்சு இருக்கு. தூக்கிட்டுப் போறேன். வை."

நான் சிட்டுவைப் பார்த்தேன். "அவங்க இல்லன்னு சொன்னியே?"

"வேலையில இல்லன்னு சொன்னேன்ண்ணா. முழங்கால் வலின்னு நின்னுட்டாங்க. நீங்க என்ன நினைச்சீங்க?"

அப்படியானால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது யார்?

அதற்குப் பிறகு நான் அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை. அந்தப் பழைய பெட்டியை மேனேஜர் ஆளை வைத்து உடைத்துப் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆனால் ஒரு சாயங்காலம் டிரைவர் அண்ணன் என்னை வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அக்கா பிழைத்துக்கொண்டார். இடுப்பில் அடி, காலில் கட்டு. என்னை அதற்கு முன் அவர் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி என்று அண்ணன் சொன்னதும், உட்காரச் சொன்னார்.

எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன்.

"மத்தியானம் படுத்திருந்தேன் தம்பி. ஃபோன் வந்துச்சு. வண்டி கிளம்பிடுச்சு, இறங்கி வந்து கதவைத் திறந்து வைங்கன்னாங்க. எனக்கு ஒண்ணும் இல்லையே, தப்பான வீடுங்கன்னு சொன்னேன். வைக்க மாட்டேங்குறாங்க. அதுக்குள்ள சைரன் சத்தம் கேட்டுடுச்சு. சரி, வந்தவங்ககிட்ட நேர்லயே சொல்லிடலாம்னு அவசரமா எழுந்தேன். இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நான் அவசரப்பட்டிருக்கக் கூடாது."

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"பேசினது யாருன்னு தெரிஞ்சுதாக்கா?"

அக்கா, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தூங்குகிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, மிக மெதுவாகச் சொன்னார்.

"எத்தனை வருஷம் அந்த நாற்காலியில உக்காந்து பேசியிருக்கேன்... என் குரல் எனக்குத் தெரியாதா தம்பி?"