கீழே காத்திருந்த வெளிச்சம்

இதில் நானாகச் சேர்த்தது ஒன்றும் இல்லை. என் மனைவியே முதலில் நம்பவில்லை. தன் தம்பியின் கையைப் பார்த்த பிறகு, இதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். கயிறு, பிரேக், பூட்டு எதையும் தொட்டுப் பார்க்காமல் உள்ளே கால் வைக்க மாட்டேன். மச்சானும், அதாவது மனைவியின் தம்பியும், நானும் ஒன்றாகத்தான் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டோம். விடுமுறையில் போன இடத்தில், பேசி வைத்திருந்த டைவிங் கடையில் படகு பழுது. "ரெண்டு நாள் பொறுங்க. வேற எங்கயும் போயிடாதீங்க," என்றார் கடைக்கார அம்மா. இரண்டு நாள் கழித்து நாங்கள் வேலையில் இருக்க வேண்டும்.

படகுத்துறையின் கோடியில் இன்னொரு கடை திறந்திருந்தது.

அங்கே யாரும் எங்கள் சான்றிதழைக் கேட்கவில்லை. கடைசியாக எப்போது நீரில் இறங்கினீர்கள் என்றும் கேட்கவில்லை. சிலிண்டருக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர், ஜெனரேட்டரின் புகைக்குழாயை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தேன். எரிந்த எண்ணெய் வாடை... லேசாக.

"என்னங்க, வாடை அடிக்குது?"

"புது ஹோஸ் சார். போகப் போகச் சரியாயிடும்," என்றார் எங்களைக் கூட்டிப்போக இருந்த வழிகாட்டி.

மச்சான் என் காதில், "மாமா, இது லிஃப்ட் இல்ல. விடுங்க," என்றான். நானும் சிரித்துவிட்டேன்.

மாலை ஐந்து மணி. படகோட்டி மேலேயே இருந்துகொண்டார். வழிகாட்டி, மச்சான், நான்... மூவரும் இறங்கினோம்.

ஏழு மீட்டரில் தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியிருந்தது. முன்னால் போன வழிகாட்டி அதற்குள் மறைந்தார். கலங்கலைத் தாண்டியதும், கீழே ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அசையாமல் நின்றது. எங்களுக்காகக் காத்திருப்பது போல.

நாங்கள் நெருங்கியதும் நகர்ந்தது.

பின்னாலேயே போனோம். பதினெட்டு மீட்டர். அதற்குக் கீழே போவதில்லை என்றுதான் பேச்சு. வெளிச்சம் நிற்கவில்லை.

எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. அப்போதுதான் கவனித்தேன்... மச்சானின் தலைக்கு மேல் குமிழிகள் போயின. என் தலைக்கு மேலும் போயின. முன்னால் போகிறவரிடமிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு போகிறாரா? இவ்வளவு நேரமா?

இருபத்து நான்கு மீட்டர். அவர் மச்சானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். என் டார்ச்சால் சிலிண்டரைத் தட்டினேன்.

டங்... டங்... டங்...

மச்சான் திரும்பவில்லை.

அவர் திரும்பினார்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. அந்தத் தண்ணீருக்குள் கண்கள் திறந்திருந்தன. வாயில் காற்றுக்குழாய் இல்லை. அது தோளுக்குக் கீழே தொங்கி ஆடியது.

மச்சானின் சிலிண்டரைப் பிடித்து மேலே இழுத்தேன். வரவில்லை. கீழிருந்தும் இழுத்தது. எட்டி உதைத்தேன்.

சட்டென்று விட்டது.

ஏறினோம். அந்த ஆழத்திலிருந்து விறுவிறுவென்று ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டிவிடும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அப்படித்தான் கற்றிருந்தோம்.

நின்றோம்.

கீழே வெளிச்சம் வட்டமடித்தது.

ஒரு நிமிடம்...

மேலே வரத் தொடங்கியது.

இரண்டு...

கலங்கல் முழுவதும் மஞ்சளாகியது. மச்சானின் நகம் என் தோளில் இறங்கியது.

மூன்று...

என் காலை எதுவோ மெல்லத் தொட்டது.

எப்படி வெளியே வந்தோம் என்று நினைவில்லை. படகில் வழிகாட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தலைமுடி காயத் தொடங்கியிருந்தது.

"காது அடைச்சிடுச்சு சார். இறங்கின உடனே மேல வந்துட்டேன். நீங்களும் வந்துடுவீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப எங்களுக்கு முன்னாடி போனது யாரு?"

படகோட்டி எஞ்சினைக் கிளப்பினார்.

கரை சேர்ந்ததும் மருத்துவமனைக்குப் போனோம். சிலிண்டர் காற்றில் புகை கலந்திருக்கிறது, அதனால் மூளை குழம்பி ஏதேதோ தெரியும் என்றார் டாக்டர். எங்களுக்கு ஆக்சிஜன் வைத்தார். பிறகு மச்சானின் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். ஐந்து விரல்கள் கருநீலமாகப் பதிந்திருந்தன.

மறுநாள், படகு பழுதான அந்தக் கடைக்கார அம்மாவிடம் போய்ச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வாசல் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கடையில முன்னாடி வேற ஒரு வழிகாட்டி இருந்தாரு. நல்ல மனுஷன். போன வருஷம், தான் கூட்டிட்டுப் போன ரெண்டு பேரைக் காணோம்னு மறுபடி தனியா இறங்கினாரு. மேல வரவேயில்ல. உடம்புகூடக் கிடைக்கல."

"அந்த ரெண்டு பேரு?" என்றான் மச்சான்.

"அவங்களுக்கு என்ன. தள்ளிப் போய் மேல வந்து, வேற படகுல ஏறிட்டாங்க. அவரு கீழ தேடிட்டு இருந்தப்ப, இதே பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தாங்க."

அவர் கடல் பக்கம் திரும்பினார்.

"அவருக்குத்தான் அது இன்னும் தெரியாது."