சித்தப்பா அகலப்படுத்திய கார்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்தான் எங்கள் லைன். அதில் முதன்முதலாகக் கார் வந்து நின்றது சித்தப்பா வீட்டு வாசலில்தான். அதைக் கார் என்று சொல்வதே அப்போது கொஞ்சம் அதிகம். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் ஒரு பங்களா ஷெட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து துருப்பிடித்துக் கிடந்ததை பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். பெரிய இன்ஜினும் தடித்த டயர்களும் போட்டு அதை ரேஸ் வண்டியாக்க அவருக்கு ஆசை. அதற்குப் பாடி ஒரு சாண் அகலமாக வேண்டும். தினமும் ரயிலேறி பெங்களூரில் டிங்கர் வேலைக்குப் போய்வந்த சித்தப்பா, அதை வீட்டிலேயே வைத்துச் செய்து தருவதாக வாங்கிக்கொண்டார். வேலை பிடித்துப்போனால் இங்கேயே ஒரு ஷெட் போட்டுத் தருகிறேன், ரயில் அலைச்சல் வேண்டாம் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார்.

சித்தப்பா மகள் என்னைவிடச் சின்னவள். கார் வந்த நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பது அவள் முடிவு. என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னாள். பின்சீட்டே இல்லை, வெறும் தகரம்! மிச்சத் தகட்டில் சித்தப்பா அவளுக்குப் பென்சில் பாக்ஸ் வேறு செய்து கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த வண்டி லாரியில் அடிபட்டு நசுங்கிப்போக வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடக்கும். சித்தப்பாவும் சித்தியின் தம்பியும் வண்டியின் கூரையை முன்னாலிருந்து பின்னால்வரை நடுவில் அறுத்தார்கள். முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றையும் அதேபோல அறுத்தார்கள். இரண்டு பாதியையும் விலக்கி வைத்து நடுவில் புதுத் தகடு கொடுத்து வெல்டிங் அடித்தார்கள். மைன்ஸ் மூடும்வரை ஒர்க்‌ஷாப்பில் தகடு வேலை செய்தவர் என் அப்பா. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரோ வாசலில் நாற்காலி போட்டு, டீயும் பேப்பருமாக உட்கார்ந்து, சொந்தத் தம்பி மச்சானோடு சேர்ந்து வேலை செய்வதை வேடிக்கை பார்த்தார். இந்த மனிதருக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

வண்டியைக் கொடுக்கும் நாள் வந்தது. ரோட்டில் லாரி நின்றது, பெங்களூர்க்காரரும் அங்கேயே காத்திருந்தார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். ஸ்டியரிங்கில் சித்தப்பா மகள், புதுப் பாவாடையோடு. லைன் முனையில், எங்கள் வீட்டருகே வண்டி நின்றுவிட்டது. ஒரு பக்கம் பொதுக் குழாயின் சிமெண்ட் சுவர், இன்னொரு பக்கம் வாசலில் நாங்கள் தகரத்தை நட்டு போல்ட் போட்டு முடுக்கிக் கட்டியிருந்த பாத்ரூம். வரும்போது நுழைந்த வண்டி இப்போது ஒரு சாண் அதிகம். வண்டியில் எல்லாவற்றையும் அளந்தவர்கள் இந்தச் சந்தின் அகலத்தை அளக்கவில்லை.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது கொஞ்சம் குறைந்தது. புதுப் பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தாலும் ஷெட் போச்சு. தூக்கலாம் என்றார் ஒருவர், சாய்க்கலாம் என்றார் இன்னொருவர். ரோட்டிலிருந்து லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கடைசியில் சித்தப்பா அப்பாவின் நாற்காலி முன்னால் வந்து நின்றார்.

"அண்ணா, இன்னா பண்றதுன்னு நீயே சொல்லு."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"பாத்ரூம எடுத்தா போவும். நவுரு."

ஸ்பேனரோடு போனார். மழையில் நனைந்து நனைந்து துருவேறிய நட்டுகள் அவை. ஸ்பேனர் பட்டதும் சுலபமாகச் சுற்றிக்கொண்டு வந்தன. அப்பாவின் விரலில் கறுப்பாகக் கிரீஸ். தகரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். எங்கள் வாளி, சோப்பு டப்பா, காயப்போட்ட துணிகள் எல்லாம் லைன் முழுக்கத் தெரிய நின்றன. அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஈரத் தரையில் சக்கரம் ஏறி, குழாய்ச் சுவரில் படாமல் வண்டி வெளியே போனது. ஸ்டியரிங்கிலிருந்து அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

அடுத்த வண்டிக்குக் கூட இருக்கவேண்டும் என்று சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பார்க்கலாம் என்றார் அப்பா, நிற்க நேரமில்லாதவர் மாதிரி. அவள் காருக்காக எங்கள் பாத்ரூமைப் பிரித்துக் கொடுத்தவரோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.

துருவேறிய நட்டு அப்படிக் கழல வேண்டுமென்றால் பல நாள் முன்பே கிரீஸ் தடவி, ஊறவிட்டு, ஒருமுறை தளர்த்தி வைத்திருக்க வேண்டும். வண்டி வெளியே போகாது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல், தம்பி தன்னிடம் வந்து நிற்கட்டும் என்று ஒருவர் காத்திருந்திருக்க வேண்டும். அதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் வயிறு எரிந்துகொண்டிருந்தது எனக்கு ஒருத்திக்குத்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.