அக்காவின் நரிவெங்காயத் தொட்டிகள்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைக் கொடுத்திருக்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். வழக்கமான புகழுரை இதில் கொஞ்சம்தான் இருக்கும்.

வன்னியம்பட்டியில், பருத்தி விதைத்த குடும்பத்தில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இடது கைக்காரர். சாப்பிடுவதற்கு மட்டும் அம்மா அவரை அடித்து வலது கைக்குப் பழக்கினார். எழுத்து, ஊசி, அரிவாள் எல்லாம் இடது கைதான். தாவரவியல் படித்து, ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியையானார். அத்தான் ராணுவத்தில் இருக்கும்போதே காலமானார், பிள்ளைகள் இல்லை. அதன்பின் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு மாடியறையில் தங்கி, ஓய்வு பெறும் வரை தினமும் பேருந்தில் போய்வந்தார். காவலர் தேர்வுக்கு என்னை உட்காரவைத்துப் படிக்க வைத்தவரும் அவர்தான். நான் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றது அக்கா போட்ட பிச்சை.

அவர் வாழ்நாள் வேலை நரிவெங்காயம். பாறைக் கரட்டில் தானாக முளைக்கும், வாயில் வைக்க முடியாத காட்டு வெங்காயம் அது. புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரே இனம் என்றன. பிளவக்கல் அணைக்கு மேலே சரிவில் பூப்பது தனி இனம் என்பது அக்காவின் கட்சி. "வெங்காய டீச்சர்" என்று நம் சொந்தத்திலேயே கேலி பேசினார்கள். யார் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மலர் அவர்கள் கையிலும் இருக்கிறது.

இந்தச் செடியில் ஒரு சங்கடம் உண்டு. சித்திரை வெயிலில் பூ வரும், இலை இருக்காது. ஐப்பசி மழையில் இலை வரும், பூ இருக்காது. நடுவில் வெறும் மண்தான். தனி இனம் என்று நிரூபிக்க வேண்டுமானால் ஒரே கிழங்கின் பூவும் இலையும் ஒரே தாளில் உலர்ந்து ஒட்டியிருக்க வேண்டும். அதனால் அக்கா வனத்துறை அனுமதி வாங்கி, பூத்து நின்ற நேரத்தில் மலைச் சரிவில் ஆறு கிழங்கும் வன்னியம்பட்டிக் கரட்டில் ஆறு கிழங்கும் எடுத்து வந்தார். பூக்களைத் தாளில் ஒட்டி எண் போட்டார். கிழங்குகளைப் பன்னிரண்டு தொட்டிகளில் வைத்து, அதே எண் கீறிய தகடுகளைக் கட்டுக்கம்பியால் தொட்டிகளின் கழுத்தில் முறுக்கிவிட்டார்.

அந்த ஆவணியில் என் மகள் கல்யாணம். வீட்டுக்குச் சீரியல் செட் விளக்கு கட்ட வந்தவர், "அண்ணாச்சி, கட்டுக்கம்பி பத்தலையே" என்றார்.

"மாடித் தொட்டியில சுத்திக் கெடக்கு, எடுத்துக்கோங்க. உள்ள வெறும் மண்ணுதான்" என்றேன். அக்கா அப்போது கல்லூரியில் இருந்தார்.

கல்யாணம் முடிந்து நான் மாடிக்குப் போனபோது தகடுகள் குவியலாகக் கிடந்தன. மலைத் தொட்டி எது, கரட்டுத் தொட்டி எது என்று தெரியாதபடி தொட்டிகளும் இடம் மாறியிருந்தன. வெங்காயத்துக்கு வெங்காயம் என்ன வித்தியாசம் என்று, விளக்கிலிருந்து அவிழ்த்த கம்பியால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசையாக நானே கட்டிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஐப்பசியில் இலை வந்தது. அக்கா எண்ணைப் பார்த்து இலையைப் பறித்தார். கிழங்கையும் அறுத்து உலர்த்தி, அதே எண்ணுள்ள பூவோடு ஒட்டினார். தகடுகளையும் கம்பிகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். கட்டுரை வெளியாகி, மலைச்செடிக்குப் புதுப்பெயர் கிடைத்தது. தெருவுக்கே பால்கோவா கொடுத்தேன்.

சில வருடம் கழித்து வேறொருவர் இந்தச் செடிகள் முழுவதையும் மறு ஆய்வு செய்தார். அந்தப் பூவும் அந்த இலையும் ஒரே கிழங்கில் வருவதை மலையில் எங்குமே காணவில்லை, தாளில்தான் சேர்ந்திருக்கின்றன என்று எழுதினார். அக்கா வைத்த பெயரை நீக்கி, செடியைப் பழைய இனத்திலேயே சேர்த்துவிட்டார். ஏமாற்று என்ற சொல்லை அவர் எழுதவில்லை. மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அக்காவின் போனை எடுப்பதை நிறுத்தினார்கள்.

அந்த மறு ஆய்வுக் கட்டுரை வந்த அன்று அக்கா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கீழே வந்தார்.

"ஏலே தம்பி, கல்யாணச் சமயத்துல தொட்டிகள யாரும் தொட்டாகளா?"

"ஒருத்தரும் தொடலக்கா. நான் இருக்கும்போது யாரு தொடுவா?"

"செரிப்பா" என்றார். அதன்பிறகு கேட்கவே இல்லை. முப்பது வருடம் அடுத்தவன் பொய்யைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். என் பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் படுத்திவிட்டது. பாடம் நடத்தப் போன அதே ரோட்டில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். பிளவக்கல் பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் ஒருவர், "பாவம், அவசரப்பட்டுட்டாக. எலய மாத்தி ஒட்டிட்டாக" என்றார். "ஆமா, கண்ணு மங்கிப்போச்சுல்லா" என்று நானும் தலையாட்டினேன். அக்காவுக்குக் கடைசி வரை கண்ணாடி கூடத் தேவைப்படவில்லை.

போன மாதம் மாடியறையை ஒழித்தபோது அந்த டப்பா கிடைத்தது. உள்ளே ஒரு சீட்டு. "பன்னிரண்டு கம்பியும் வலது கை முறுக்கு. தம்பி." என்னிடம் கேட்ட நாளின் தேதி போட்டிருந்தது. இடது கையால் அக்கா முறுக்கிய கம்பி எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். தெரிந்துகொண்டுதான் கீழே வந்து கேட்டிருக்கிறார். ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தால் அவர் மானம் திரும்பியிருக்கும். அதில் என் பெயரை எழுத வேண்டியிருந்திருக்கும். எழுதாமல் மூடி வைத்துவிட்டார்.

அந்தக் கடிதத்தை நான் எழுதி, மறு ஆய்வு செய்தவருக்கு அனுப்பினேன். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. அறுத்த கிழங்கை வைத்து இனி ஒன்றும் செய்ய முடியாதாம். மலையிலிருந்து புதுக் கிழங்கு எடுத்து, பூவும் இலையும் காட்ட வேண்டுமாம். அந்தச் சரிவில் என் முழங்கால் ஏறாது. ஏறத் தெரிந்தவரை அனுப்பிவிட்டோம்.

அக்காவை முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், அவருக்காக முன் இருக்கையைக் காலியாக வைத்திருந்த பேருந்து நடத்துநர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவசரப்பட்டுவிட்டார் என்று சொன்னவர்கள் இனி அதைச் சொல்ல வேண்டாம். அன்று அக்கா கேட்ட கேள்விக்கு, உங்கள் எல்லார் முன்னிலையிலும் இப்போது பதில் சொல்கிறேன்.

நாந்தான் தொட்டேன், அக்கா.