தேன்மொழி ஓடாத ஓட்டம்

அன்று காலை செம்பனைத் தோட்டச் சாலையில் தேன்மொழி ஓட்டப் பயிற்சியில் இருந்தபோது நாய்கள் துரத்தின. தப்பிக்க வாய்க்காலைத் தாண்டியவள் கால் பிசகி விழுந்தாள். கணுக்கால் எலும்பில் விரிசல். “இந்தக் காலோட ஓடினா ஆப்பரேஷன்தான்,” என்றார் மருத்துவர்.

வலியைவிட வேறொரு கவலை அவளுக்குப் பெரிதாக இருந்தது. குளுவாங் நகரில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்காக நெடுந்தூரம் ஓடப் போவதாகச் சொல்லி, தான் வேலை செய்யும் தொழிற்சாலை முழுக்க நன்கொடை திரட்டியிருந்தாள். ஏமாற்றிவிட்டாள் என்பார்களோ? பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்காவை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது. அந்த நிலையத்தை நம்பித்தான் அவர் உயிர் வாழ்கிறார். “எங்களுக்காக நம்ம தேனு ஓடுது,” என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி வந்தார்.

தேன்மொழி வாசற்கதவைத் திறக்கவே பயந்தாள். ஓடித்தான் தீர்ப்பது என்று காலில் போட்டிருந்த கட்டை இறுக்கிக்கொண்டு சமையலறைவரை ஓடிப் பார்த்தாள். கண் இருட்டியது. சுவரைப் பிடித்து நின்றபோது புதிய பயம் வந்தது: கால் போனால் நின்றே செய்யும் வேலையும் போய்விடும்.

ஓட்டத்தை நடத்தும் ஹேமநாதனை அழைத்தாள்.

“அண்ணே, என்னால ஓட முடியாது. கால் உடைஞ்சிருச்சு.”

“அலமாக்!” என்று பதறினார் அவர். “பேர எடுத்துடறேன். ஆனா காசு கொடுத்தவங்ககிட்ட நீயே சொல்லிடு லா. யாராச்சும் திரும்பக் கேட்டா நாங்க கொடுத்துடறோம்.”

தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கடியில் திணித்தாள். பிறகு எடுத்துப் பார்த்தபோது, பலரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பேக்கிங் பிரிவு வேலு மட்டும், “ஓடாத ஓட்டத்துக்கு எதுக்குக் காசு?” என்று கேட்டு, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவள் அழுதாள்.

கடைசியாக, ஊன்றுகோலோடு கருப்பாயி வீட்டுக்குப் போனாள்.

“ஏன் கண்ணுலயே படல? நான் கோவிப்பேன்னு பயந்தியா?”

“ஆமாக்கா.”

“எனக்கு இன்னும் ஊசின்னா பயந்தான். குத்தும்போது கண்ண மூடிக்குவேன். அதுக்காக போவாம இருக்க முடியுமா? உக்காரு, கால நீட்டு.”

தேன்மொழி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள்.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய பிறகும், கேண்டீனில் வேலுவைக் கண்டால் வேறு மேசைக்குப் போய்விடுவாள். மறு ஆண்டு ஓட்டத்துக்கு ஹேமநாதன் கூப்பிட்டபோது, யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இன்னும் சொல்லவில்லை.