கடலோரக் கம்பத்தில் ஒரு சாவிக்காரன்

“நாலு பேரை ஓர் இடத்துக்கு வரவழைக்கிறது பெரிய காரியமில்ல. வந்தவங்களை…” என்று என் பெரியப்பா ஒரு சங்கக் கூட்டத்தில் பேசினார். மிச்சம் எனக்கு நினைவில்லை. வந்தவர்களை உட்கார வைப்பது பற்றியா, சண்டையில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது பற்றியா என்று எத்தனை முறை யோசித்தாலும் பிடிபடவில்லை. சரியாக அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் கேசரி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சமூக நிலையத்தில் வேலை என்பது, வரவழைப்பதற்கும் அனுப்பிவைப்பதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் வேலை. கோயில் திருவிழாவோ, வாசகசாலை ஆண்டுவிழாவோ, ஊர்ப்பொதுக் காரியம் ஏதாவது ஒன்றில் ஒரு முறையாவது கையைக் கொடுத்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. தமிழ்ப் பள்ளியில் தொடங்கி ஆங்கிலப் பள்ளியில் முடித்து, பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் எங்கள் வெள்ளைக்கார விரிவுரையாளர்கள் நீண்ட விடுமுறையைச் சம்மர் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சம்மரில் என்னைச் சிக்லாப்பைத் தாண்டி, மலாயில் கம்பம் என்று சொல்லும் ஒரு கடலோரக் கிராமத்துச் சமூக நிலையத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போட்டார்கள். மலாய்க்காரர்களும் தியோச்சியூச் சீனர்களும் மீன்பிடித்து வாழ்ந்த கம்பம் அது. தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள் தேநீர்க் கடை காதர் பாய். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே நிலைத்தவர்.

வீட்டில் வேறு ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் ஏஜன்சியில் தலைமைக் கிராணியாக, அதாவது பெரிய குமாஸ்தாவாக இருந்த என் தாய்மாமா, எனக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். ஒத்துக்கொண்டால் படிப்பை விட்டுவிட்டு உடனே சேர வேண்டும். பயிற்சி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். துறைமுகக் கிடங்கில் கிராணியாக இருந்த அப்பாவுக்கு அதில் முழுச் சம்மதம். “கடற்கரையில காத்து வாங்கறதுக்கு எதுக்குடா காலேஜு?” என்று அவர் கேட்டார். கப்பல் ஏஜன்சியில் மின்விசிறி உண்டு, பென்ஷன் உண்டு. இங்கே காற்று மட்டும்தான்.

தூங்க வைக்கும் செய்தி

சமூக நிலையத்தில் புதிதாக வந்திருந்த டெலிவிஷன் பெட்டி ஒரு மர அலமாரிக்குள் இருக்கும். அலமாரிக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி. அந்தச் சாவி என் சட்டைப்பையில். என் படிப்பு, பெயர் எல்லாம் மறந்துபோய், கம்பம் முழுக்க நான் சாவிக்காரன் ஆனேன். மாலையானால் முற்றத்துப் பெஞ்சுகளில் நூறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். மலாய் நாடகம் வேண்டும் என்பவர்களுக்கும் சீனப் படம் வேண்டும் என்பவர்களுக்கும் நடுவில் நின்று நான்தான் அலைவரிசையைத் திருப்ப வேண்டும்.

தமிழ்ச் செய்தி வரும் நேரம் எனக்குச் சங்கடமான நேரம். கேட்க ஆள் நானும் காதர் பாயும்தான், அவரும் பாதி நாள் கடையை விட்டு வரமாட்டார். ஒரு நாள் தயங்கி நின்றுவிட்டு, அலைவரிசையை மாற்றக் கையை நீட்டினேன். முன் பெஞ்சில் எப்போதும் உட்காரும் சீனக் கிழவர், பல்லெல்லாம் போனவர், கையை ஆட்டித் தடுத்தார். தமிழ் புரியுமா என்று மலாயில் கேட்டேன். அவர் சொன்னது இது:

“ஒண்ணும் புரியாது. மத்தவங்க எல்லாம் பெட்டிக்குள்ள சத்தம் போடறாங்க. இந்த ஆளு மட்டும் மெதுவாப் பேசறான், எனக்கு நல்லாத் தூக்கம் வருது லா.”

ஏறி இறங்கிய ஆர்வம்

எங்களைக் கண்காணிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து மிஸ் பெரேரா வருவார். யுரேஷியப் பெண்மணி, வெயிலுக்கு அகலத் தொப்பி, கையில் ஒரு பென்சில். நிர்வாகக் குழுக் கூட்டத்தை வாராவாரம் வியாழன் மாலை ஐந்து மணிக்கு வைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். வைத்தேன். முதல் வாரம் நானும் மிஸ் பெரேராவும் மட்டும். அடுத்த வாரம் அறை நிறைய ஆள், வாசலிலும் இரண்டு பேர். அதற்கடுத்த வாரம் மறுபடியும் நாங்கள் இருவர்.

மிஸ் பெரேராவுக்குக் கவலை வந்துவிட்டது. என்னைக் காதர் பாய் கடைக்கு அழைத்துப் போய் ஆளுக்கொரு தேநீர் சொல்லிவிட்டு, “உங்கள் மக்களின் ஆர்வம் ஏறி இறங்குகிறது, அதற்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். காதர் பாய் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு நீளமாக ஆற்றியபடி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் குறுக்கே வந்தார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“ஆர்வம் ஏறி இறங்கல மிஸ். தண்ணி வத்தினா எல்லாரும் சேத்துல சிப்பி பொறுக்கப் போயிடுவாங்க, தண்ணி ஏறினா உங்க மீட்டிங்குக்கு வருவாங்க.”

கரை மாற்றிக் குளித்தவர்கள்

மவுண்ட் எமிலி குளத்தில் நீச்சல் கற்ற தைரியத்தில், கடற்கரையில் பெரியவர்களுக்கு நீச்சல் வகுப்பு என்று மூன்று மொழிகளில் எழுதிப் பலகையில் ஒட்டினேன். ஒருவரும் வரவில்லை. “மீனுக்கு நீச்சல் சொல்லித்தர வந்த வாத்தியாரு” என்று காதர் பாய் கடையில் என்னை ஒரு வாரம் ஓட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, அறிவிப்பைக் கிழித்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் ஹசான் வந்தார். ஐம்பதை நெருங்கும் மீனவர், ஊரில் மதிப்புள்ளவர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தனக்கு நீந்தத் தெரியாது என்றார். படகில் இருப்பவன் படகில் இருந்தால் போதும் என்றே இத்தனை வருஷம் ஓடிவிட்டதாம். தன்னைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களாம். ஆனால் ஒரு நிபந்தனை: நம் கரையில் வேண்டாம், சொந்தப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். சரி, அடுத்த கம்பத்துக் கரைக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்தேன். காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் நடந்தோம். பாதி வழியில் எதிரே ஒரு கூட்டம் வந்தது. அடுத்த கம்பத்து ஆட்கள், அவர்கள் தோளிலும் துண்டு. அங்கே பயிற்சிக்குப் போட்டிருந்த என் வகுப்புத் தோழன் அவர்களை எங்கள் கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டு கூட்டமும் மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டு தாண்டிப் போயின.

கடைசிவரை அப்படியே நடந்தது. இதை வெளியே சொல்லாமல் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று ஹசானைக் கேட்டேன். “எங்க போறீங்கன்னு அவங்களை நாங்க கேட்கல, எங்களை அவங்களும் கேட்கல. நல்ல மனுசங்க.”

சுவரைப் பார்த்த தையல்

ஹசானின் மனைவி ரொக்கியா தையல் வகுப்பில் சேர்ந்திருந்தார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதற்குத் தைத்துக்கொண்டிருந்தார். பெண்களுக்கு நல்ல காற்று வரட்டும் என்று தையல் மிஷின்களைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். அடுத்த வகுப்பு முடிந்து பார்த்தால் எல்லா மிஷினும் சுவரைப் பார்த்து நின்றன. மறுபடி திருப்பினேன். மறுபடி சுவர். வெள்ளையடிக்காத சுவர், பார்க்க ஒன்றுமில்லை. பிள்ளைகள் குறும்பு என்று நினைத்து ஒரு நாள் வகுப்பு நேரத்திலேயே போய் நின்றேன். பெண்களே ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் கேட்டேன். ரொக்கியா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டுச் சொன்னார்:

“கடல் பக்கம் உட்கார்ந்தா எங்க வீட்டுப் படகு வந்துச்சான்னுதான் பார்ப்பேன். போன வாரம் ஒரு சட்டைக் கையைத் திருப்பி வச்சுத் தைச்சுட்டேன்.”

யாருக்கும் வேண்டாத நாற்காலிகள்

பயிற்சி முடிய ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு முந்தின ஞாயிறு ஹசான் மகளின் கல்யாணம். டவுனிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்காக, நிலையத்தில் இருந்த நாற்காலி, பெஞ்சு எல்லாவற்றையும் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மளிகைக் கடை டானின் தாயார் இறந்துபோனார். சீன வீட்டுச் சாவு, துக்கம் கேட்க வருகிறவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். கம்பத்தில் இருந்த நாற்காலியெல்லாம் என் நாற்காலிதான்.

சண்டை வரும் என்று பயந்தேன். வந்தது அதைவிட மோசம். டான் நாற்காலி வேண்டாம் என்றுவிட்டார். சாவு வீட்டில் போட்ட நாற்காலி பிறகு கல்யாண வீட்டுக்குப் போனால் அந்தப் பெண்ணுக்கு ஆகாது, அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்றார். ஹசானிடம் போனேன். அவரும் வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் நிற்கும்போது தன் விருந்தாளிகள் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க முடியாது, பாய் விரித்துக்கொள்கிறேன் என்றார். இவர் அவருக்குக் கொடு என்கிறார், அவர் இவருக்குக் கொடு என்கிறார். ஞாயிறு விடிந்து இரண்டு வீட்டுக்கும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், ஒரு நாற்காலிகூட நிலையத்தை விட்டு நகரவில்லை.

அந்த நேரத்தில்தான், பளபளவென்று தேய்த்த ஷூவும் கையில் அம்மா கொடுத்த டிபன் கேரியருமாக, அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பதில் கேட்கத்தான் வந்திருந்தார்.

“என்னடா இது, சந்தை மாதிரி அடுக்கி வச்சிருக்க?”

“யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்கப்பா” என்று கதையைச் சொன்னேன்.

அப்பா டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலிகளையும் பெஞ்சுகளையும் சுற்றி ஒரு நடை நடந்தார். கிடங்கில் சரக்கு வந்து இறங்கினால் அவர் நடக்கும் நடை அது.

“எங்க கொட்டகையில அரிசியும் இருக்கு, உரமும் இருக்கு. ஒண்ணு இன்னொண்ணு பக்கம் போனா என் வேலை போயிடும். எப்படிப் போகாம வச்சிருக்கேன்னு நினைக்கற?”

“தெரியலப்பா.”

“பெயிண்டு. பெஞ்சு எல்லாம் கல்யாணத்துக்கு, நாற்காலி எல்லாம் சாவுக்கு. இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும். பெஞ்சுக்கு அடியில ஒரு கோடு போட்டுடு, நாளைக்கு வர்றவனும் மாத்தமாட்டான்.”

நான் டானிடம் ஓடினேன். சாவுக்குப் போன நாற்காலி எந்தக் காலத்திலும் கல்யாணத்துக்குப் போகாது என்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டானுக்கு நாற்காலி போகிறது என்றதும் ஹசானும் பெஞ்சுக்குச் சம்மதித்து, படகுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டைக் கொடுத்தனுப்பினார். அப்பா ஷூவைக் கழற்றி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சாகக் கவிழ்த்து அடியில் கோடு இழுத்தார். காதர் பாய் கடையைப் பாதியில் மூடிவிட்டுப் பெஞ்சு தூக்க வந்தார். “உங்கப்பாவை முதல் மாசமே கூட்டி வந்திருக்கலாம் தம்பி” என்றார். அப்பா அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்தார், ஆனால் வாங்கினார்.

மத்தியானம் அவர் கல்யாண வீட்டில் சாப்பிட்டார். பிறகு கை கால் கழுவிக்கொண்டு டான் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தார். டிபன் கேரியர் திறக்கப்படவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் நானும் அவரும் நின்றோம். மாமாவுக்கு என்ன பதில் என்று இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். சட்டைக் கையில் பட்டிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். தூரத்தில் பஸ் தெரிந்தபோதுதான் பேசினார்:

“அடுத்த ஞாயித்துக்கிழமை கொஞ்சம் பச்சைப் பெயிண்டு எடுத்துட்டு வர்றேன். நாற்காலிக்கும் ஒரு கோடு வேணும்ல?”

அதற்கப்புறம் வெளிநாடுகளில் பல வருஷம் இதே வேலையைப் பார்த்துவிட்டு இப்போது ஊர் திரும்பியிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் கணக்குப் பார்த்தால், அந்த மூன்று மாதத்தில் நான் அந்தக் கம்பத்துக்குச் செய்த ஒரே உருப்படியான சேவை, என் அப்பாவை அங்கே வரவழைத்ததுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை தஞ்சோங் பகாருக்குப் போய், அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி மாமாவிடம் சொன்னேன்.