அனுசுயாவின் கவுண்டரில் மடங்கிய போன்

என் சித்தப்பா மகள் அனுசுயா அம்பத்தூரில் ஒரு கைப்பேசிக் கடையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். போன்களுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுவதில் தொடங்கி, சென்ற ஆண்டு ஆனி மாதம் தனிக் கவுண்டருக்கு வந்தாள். கள்ளிக்குப்பத்து எங்கள் குடும்பத்தில் கடைவேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். அந்தக் கவுண்டர் அவளிடம் நிலைத்த கதையை உறவினர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதால், உரியவர்களிடம் கேட்டுச் சரிபார்த்து இதை எழுதிவைக்கிறேன்.

கவுண்டரில் இருந்தது ஒரே சரக்கு: புத்தகம்போல் மடங்கும் புதிய போன். விலை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இருபது நாள்களாகப் பார்க்க வந்த கூட்டத்துக்குக் குறைவில்லை, வாங்கத்தான் ஆளில்லை. "இன்னா மாமே, டிபன் பாக்ஸ் மாதிரி கீது!" என்று சிரித்தார்கள். "இந்தக் காசுக்கு வண்டியே எடுத்துக்கினு போலாம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கவுண்டரில் பதினைந்தாயிரம் ரூபாய் போனை வாங்கிச் சென்றார்கள்.

திங்கட்கிழமை கடை முதலாளி செங்கல்வராயன் அவளை அழைத்தார்.

"இன்னா அனு, இங்க பொருட்காட்சியா நடக்குது? சனிக்கெழமைக்குள்ள ஒண்ணாச்சும் போவணும். இல்லாங்காட்டி கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடுவேன். நீ பழையபடி கிளாஸ் ஒட்டப் போயிடு."

மறுநாள் வந்தவர் சம்பத். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். போனை எடுத்ததும் அது மடங்கும் இடத்துக் கீலைத்தான் பார்த்தார்.

"பாத்து சார், மெல்ல... மெல்ல..." என்றாள் அனுசுயா.

"ஏம்மா, விக்கிற நீயே இப்படிப் பயந்தா வாங்குதவன் எப்படி நம்புவான்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இருபது நாள்களாக வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அந்த 'மெல்ல'வைத்தான் சொல்லியிருந்தாள். தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க சார். எத்தினி வாட்டி வேணும்னாலும் மூடித் தொறங்க."

அவர் மெய்யாகவே உட்கார்ந்துவிட்டார். ஒரு தாளை வாங்கி, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு இழுத்தார். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.

செங்கல்வராயன் பதறிப்போனார். "ஊட்டுக் கதவாட்டம் தொறந்து மூடிக்கினு கீறாரு! ஒடஞ்சா?"

"ஒடஞ்சா கிளாஸ் ஒட்டப் போறேன் அண்ணே. விக்கலன்னாலும் அதான சொன்னீங்க?"

புதனும் வியாழனும் சம்பத் வந்தார். சுற்றிலும் கூட்டம் கூடியது. ஐந்நூறைத் தொட்டபோது கைதட்டினார்கள். "ஒரு டீ சாப்டு நைனா, போனு மூச்சு வாங்குது பாரு!" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவருடைய மனைவி அன்னம்மாள் அவரைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"நாலு நாளா மத்தியானச் சோறு ஆறிக் கெடக்கு. இங்க உக்காந்து என்ன செய்யுதீய?"

"எண்ணூத்தி நாப்பது. சத்தம் இல்ல, ஆட்டம் இல்ல" என்றார் சம்பத் பெருமையுடன்.

"வாங்கப் போறீயளா?"

"எனக்கு எதுக்கு? சோதிக்கத்தான் வந்தேன்."

அனுசுயாவின் முகம் வாடியது. சம்பத் போனைப் பாதி மடித்த நிலையில் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். அது தானாக நின்றது. அன்னம்மாளின் கண் அதிலேயே நின்றுவிட்டது.

"எதுலயும் சாய்க்காமலே நிக்குதே?"

அவர் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவர். புனேயில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டேதான் தைப்பார். "நூல் டப்பால சாய்ச்சு வச்சா, பேசும்போதே மல்லாந்துரும். என் பேரன் என் மூஞ்சிய விட எங்க வீட்டு ஃபேனத்தான் நெறைய பாத்திருக்கான். இத எடுத்துக் குடும்மா."

"ஏட்டி, வெல தெரியுமா?"

"இருவது வருசம் தைச்ச காசு. ஒங்ககிட்ட கேட்டனா? எண்ணூத்தி நாப்பது தடவ பாத்தீயள்லா, பொறவு என்ன?"

தம் சோதனையைத் தாமே மறுக்க வழி தேடினார் சம்பத். புதுப் போனின் பெட்டி பிரிக்கப்பட்டதும் ஒரு வழி கிடைத்தது. "இது வேற பீஸ். இதையும் சோதிக்கணும்."

"வீட்டுக்கு வந்து, சோத்தத் தின்னுட்டுச் சோதிங்க!"

கடையே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் செங்கல்வராயன்.

போகுமுன் சம்பத் ஓர் அட்டை கேட்டு வாங்கி எழுதி, தொழிற்சாலை வழக்கப்படி நூல்கோத்து, காட்சிக்கு வைத்த போனில் கட்டினார்: 'பார்த்தேன். சரி. 840. சம்பத்.' ஆயிரம் தடவை என்று உறவில் சிலர் சொல்வது பிழை; அட்டையை நானே பார்த்தேன்.

அதன்பிறகு இன்றுவரை விற்றவை ஆறு. பதினைந்தாயிரம் ரூபாய் போன்தான் இன்றும் நாளுக்குப் பத்து போகிறது. ஆனால் கவுண்டர் அனுசுயாவிடமே இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் ஒரு நாற்காலியும் இருக்கிறது. அட்டையைப் படித்துவிட்டு, "மெய்யாலுமா எண்ணூத்தி நாப்பது?" என்று எவராவது கேட்டால் நாற்காலியைக் காட்டுகிறாள்.

"உக்காருங்க சார். நீங்களே எண்ணிப் பாருங்க."