சூடு ஆறாத சக்கரம்

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்தாறாம் வருசம் ஐப்பசியில், போடியில் கார் ஓட்டிய ஜக்கையனுக்கு நடந்தது. இட்டுக்கட்டிப் பேச அவனுக்கு நேரமும் கிடையாது, தெம்பும் கிடையாது. ஏலக்காய் எடுப்புக் காலம். முதலாளியின் ஆட்களை மேலே எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, தினமும் தனியாகக் கீழே வர வேண்டும்.

முதலாளிக்கு ஒரு கிறுக்கு. வாசலில் கார் நின்றதும் சக்கரத்தைத்தான் பார்ப்பார். பிரேக் தூசி படிந்து கறுத்திருந்தால், கியரில் இறக்காமல் பிரேக்கை மிதித்தே வந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவார். சீட்டுக் கிழிந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு ஜக்கையன் எங்கே போவான்?

மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் பிரேக்கைத் தொடாமல் எவன் இறங்குவான்? அதனால் டிரைவர்கள் மலையடிவாரத்து முந்தல் ஓடையில் நிறுத்திச் சக்கரம் கழுவிவிட்டுத்தான் ஊருக்குள் போவார்கள். உடனே கழுவவும் முடியாது. கொதிக்கிற சக்கரத்தில் தண்ணீர் பட்டால் உள்ளே இரும்பு விரிசல் விட்டுவிடும். சூடு ஆறும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் மலையிலிருந்து மஞ்சு மூட்டமாக இறங்கியிருந்தது. ஜக்கையன் ஓடைக்கல்லில் சாய்ந்தான். கண் சொக்கியது.

"சூடு ஆறிருச்சாண்ணே?"

யாரோ கேட்டார்கள். கண்ணைத் திறக்காமலே, "ஆறிருக்கும்ப்பா" என்றான்.

விழித்தபோது சக்கரங்கள் கழுவிக் கிடந்தன. டொப்... டொப்... தண்ணீர் சொட்டியது. ஆளைக் காணோம். முன்பக்கத்து இடது சக்கரம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அதைத் தானே கழுவிக்கொண்டு கிளம்பினான். யாரோ புண்ணியவான். அலுத்த உடம்புக்கு அதற்குமேல் யோசிக்க வரவில்லை.

மறுநாளும் அதே குரல். அதே மூன்று சக்கரம்.

அதற்கடுத்த நாள், துணியை நனைத்துக்கொண்டு இடது சக்கரத்தருகே குந்தினான். அன்று அந்தக் கறுப்பு வெறும் தூசியாக இல்லை. பிசுபிசுவென்று மினுங்கியது.

துணியை நீட்டினான்.

மணிக்கட்டை ஒரு ஈரக் கை பிடித்தது...

பக்கத்தில் யாருமில்லை.

"அதக் கழுவாதண்ணே..."

ஓடைச் சத்தம் நின்றது.

துணி விழுந்தது.

பிடி விட்டது.

வேலை போனால் போகட்டும் என்று, கறுத்த சக்கரத்தோடே, கியரிலேயே உருட்டிக்கொண்டு கமருதீன் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தான். போடியில் கார் பழுது பார்க்கிறவர் அவர்தான். சக்கரத்தைக் கழற்றியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நாலஞ்சு நாளா பிரேக் ஆயிலு ஒழுகியிருக்கு, அப்பு. தூசின்னு கழுவிக்கிட்டே இருந்திருக்க. நாளைக்கு மலையேறியிருந்தா, எறங்கயில பாதாளந்தான். உனக்கு முன்னாடி ஓட்டுன சுடலை அப்பிடித்தான் போனான்."

"எந்தக் கார்ல, பாய்?"

"இதே காருதான். நிமித்தி, பெயிண்டு அடிச்சு உங்கிட்டக் குடுத்திருக்காரு. மொதலாளி சொல்லலியா?"

ஜக்கையன் வேட்டியில் கையைத் துடைத்தான். மணிக்கட்டு இன்னும் காயவில்லை.

கமருதீன் அந்தச் சக்கரத்தைச் சுவரில் சாய்த்தார். "நாங்க பள்ளத்துல எறங்கிப் போகயில, இதுக்கு அடியிலதான் கெடந்தான். உசுரு இருந்துச்சு. தண்ணி கேப்பான்னு பாத்தேன். கேக்கல. 'சூடு ஆறிருச்சாண்ணே? கழுவணும்... மொதலாளி வைவாரு'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தான்."